கார்னர் அண்ணாச்சி

முதலில் அவருடைய கையைத்தான் பார்த்தேன். முகம் பிறகுதான்.

எனக்குக் கல்யாணமாகி, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. லோக்கல் டிரெயினில் ஏறும் வித்தை இன்னும் கைவரவில்லை. ஒரு நாள் காலை சயான் ஸ்டேஷனில், வண்டி நகர ஆரம்பித்த பிறகு, லேடீஸ் டப்பாவில் நின்ற பெண்கள் "சடோ, சடோ" என்று ஏறச்சொல்லிக் கத்திய தைரியத்தில் கம்பியைப் பிடித்துத் தாவினேன். செருப்பு வழுக்கியது. ஒரு கால் வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இறங்கியது. கீழே இரும்பு உருளும் சூடு காலில் அடித்தது.

அப்போது என் வலது மணிக்கட்டை ஏதோ கவ்வியது. தோள்மூட்டு கழன்றதுபோல ஒரு வலி. பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடந்தேன். வண்டி தடதடவென்று என் பாதத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

வண்டி போய்விட்டது. கை என்னை விடவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு கிழவர், "அரே, சோடோ பாய், பச் கயி", விடுங்க, பிழைத்துவிட்டாள் என்றார். ஒரு பெண் என் முந்தானையைச் சரிசெய்தாள். எனக்கு விரல்கள் மரத்துப்போய் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. "விடுங்க, வலிக்கு" என்று தமிழிலேயே அழுதேன். அதற்குப் பிறகுதான் அந்த விரல்கள் ஒட்டிக்கொண்டவை பிரிவதுபோல ஒவ்வொன்றாகத் திறந்தன. நிமிர்ந்து பார்த்தேன். குள்ளமான, அகலமான மனிதர். காது இரண்டும் நசுங்கியிருந்தன. என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"இருக்கியா தாயி?" என்றார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்த என் கணவர் மணிக்கட்டில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமலே சிரித்தார். "கார்னர் அண்ணாச்சி பிடியில்லா இது? அப்பம் நீ தப்பிச்ச." அவருடைய கபடி டீமில் இடது கார்னர் அந்த அண்ணாச்சி. எங்கள் சந்திலேயே இரண்டு வாசல் தள்ளிக் குடியிருப்பவர். நான் அதுவரை கவனித்ததில்லை.

அவர் இல்லையென்றால் நான் இல்லை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அவரை எதிரில் பார்க்கும்போதெல்லாம் என் வலது கை தானாக முந்தானைக்குள் போய்விடும். இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. சந்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததுமில்லை. கபடி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: எதிர் அணியிலிருந்து ஒருவன் "கபடி கபடி" என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ரெய்டு வருவான். அவனை நம் எல்லைக்குள் மடக்கிப் பிடிக்க வேண்டும். மூலையில் நிற்பவருக்குக் கணுக்கால்தான் குறி. பாய்ந்து விழுந்து காலைக் கவ்வ வேண்டும். பாடுகிறவன் சும்மா விடுவானா? உதைப்பான், முழங்காலால் இடிப்பான். பெரும்பாலும் அது விழுவது பிடிக்கிறவன் தலையில்தான்.

சிறுவயதில் தோல் பதனிடும் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த மண்தரையில் விளையாட ஆரம்பித்தவர். அப்பா அந்தக் கிடங்கில்தான் வேலை பார்த்தார். பதினெட்டு வயதில் மண்டலம் என்று சொல்லும் மராட்டிக் கபடிக் கிளப்புகளெல்லாம் இவரைத் தேடி வந்து அழைத்துப்போயின. மாவட்ட டீம், பிறகு மாநில டீம். விக்ரோலியில் ஒரு கம்பெனி தன் கபடி டீமுக்காகவே இவருக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தது. காலையில் ஸ்டோரில் கையெழுத்து, மூன்று மணிக்கு மைதானம். போட்டியன்று காலையில் சாப்பிட மாட்டாராம். சாப்பிட்டால் தங்காது. "பயமா இருக்குடே" என்று என் கணவரிடம் வெளிப்படையாகவே சொல்வாராம். கோட்டுக்குள் இறங்கியதும் எதிர் அணிதான் பயப்படும்.

யாரையும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். காலைத்தான் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும் டீச்சர். காலு ஏமாத்தத் தெரியாம முதல்லயே திரும்பிரும்" என்பார். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சந்தில் எனக்கு டீச்சர் என்பதே பெயராகிவிட்டது. நான் வாசலைத் தாண்டும்போது தலை நிமிராமலே, "இடது குதிகாலுல வெடிப்பு கூடியிருக்கே டீச்சர், மெழுகு போடுங்க" என்பார். அக்கறையாகத்தான் சொல்வார். இருந்தாலும், நம் காலை ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது நடையையே தடுமாற வைத்துவிடும்.

கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். குழந்தைகளைத் தூக்க மாட்டார். என் மகள் ரேவதி பிறந்தபோது பார்க்க வந்தார். கையை நீட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வாசலிலேயே நின்றார். அவர் மனைவி உள்ளே வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளை மயினி என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாததால்தான் தயங்குகிறார் என்று நினைத்தேன்.

காரணம் வேறு என்று வெகுநாள் கழித்து என் கணவர் சொன்னார்.

கல்யாணில் ஒரு போட்டி. எதிர் அணியில் ஒல்லியான பையன், இருபது வயதுகூட இருக்காது, ஒரு பாயின்ட் எடுத்தால் அவர்கள் ஜெயித்துவிடலாம் என்ற நிலையில் பாடி வந்தான். அண்ணாச்சி பாய்ந்து காலைப் பிடித்துவிட்டார். பையன் நடுக்கோட்டை நோக்கி உடம்பை முறுக்கினான். மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள்.

"எலும்பு முறிஞ்ச சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுது" என்றார் என் கணவர். "அவன் அழுதுக்கிட்டே பாடுதான். கோட்டுக்கு ஒரு ஜாண்தான் பாக்கி. பாட்டு நின்னாத்தான அவுட்டு? அவன் பாட்ட விடல. இவரு கால விடல. முறிஞ்ச கால பிடிச்சிக்கிட்டே கிடக்காரு. கடைசியில அம்பயர் வந்து விசில் ஊதுன பிறகுதான் விட்டாரு."

அந்தப் பையன் அதற்குப் பிறகு ஆடவில்லை. அண்ணாச்சி ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்யாண் வண்டி ஏறினார். பையனின் அம்மா கதவைத் திறக்கவே இல்லையாம். பழப்பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வருவார். ஒரு நாள் அந்த அம்மா கதவைத் திறந்து, "அவன் உங்களைக் குத்தம் சொல்லல. நான்தான் சொல்றேன். இனிமே வராதீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு போகவில்லை.

அடுத்த வருஷம் இந்திய அணித் தேர்வுக்கு அவரை அழைத்தார்கள். எங்கள் சந்தே மாலை போட்டு அனுப்பியது. அங்கே மூன்று பேரின் காலை வரிசையாகப் பிடித்து, பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டாராம். திரும்பி வந்ததும் யாரிடமும் பேசவில்லை. மயினியிடம் மட்டும், "கை கேக்கல" என்றாராம். நான்கு வருஷம் கழித்து ஆட்டத்தையும் விட்டார். ஸ்டோர் வேலை மட்டும் ஓய்வு பெறும்வரை இருந்தது.

அவரால் சிரித்த சம்பவங்களும் இல்லாமலில்லை. ஒருமுறை பஸ்ஸில் இவருடைய பையை அறுத்தவனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். போலீஸ் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிடித்த கையை விடாமல் மாட்டுங்கா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆள் பசிக்கிறது என்று அழுதானாம். இடது கையால் வடாபாவ் வாங்கி அவனுக்கு ஊட்டிவிட்டிருக்கிறார். போலீஸ்காரர் மராட்டியில் சித்தப்பா என்று அழைத்து, "காக்கா, இப்பவாவது விடுங்க. நாங்க பிடிச்சுக்கிறோம்" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. இதைச் சொல்லிச் சொல்லிச் சந்தே சிரிக்கும். கூட ஆடியவர்கள் இன்னொரு கதையும் சொல்வார்கள். ஒரு ஆட்டத்தில் தலையில் முழங்கால் பட்டு விழுந்தவர், எழுந்து நேராகப் போய் எதிர் அணியின் மூலையில் நின்றுகொண்டாராம். அதற்கும் சிரிப்போம். வருஷக்கணக்காகச் சிரித்தோம்.

பின்னால் ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவருக்குத் தலையில் அடி ஏதாவது பட்டிருக்கா?" என்று கேட்டபோது, மயினி, "எத்தனை தடவன்னு எண்ணிச் சொல்லணுமா?" என்று திருப்பிக் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். பொருள் பெயர்கள் அவருக்கு மறக்க ஆரம்பித்திருந்தன. சயானில் இறங்க வேண்டியவர் மாட்டுங்காவில் இறங்கித் தண்டவாளத்தோரம் நடந்து வந்திருந்தார். மூளை சுருங்கிக்கொண்டிருக்கிறது, மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். வண்டியில் திரும்பும்போது அண்ணாச்சி தன் எதிரில் நின்றவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இடது கை விரல்கள் விரிந்து விரிந்து மடங்கின.

முதலில் குனிந்து நிற்பது மட்டும்தான் இருந்தது. சந்தில் யாராவது ஓடினால், அவர் வாசலில் முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து நிற்பார். பையன்கள் கைதட்டுவார்கள். பிறகு ஒரு நாள் பார்சல் கொண்டுவந்த ஆளின் காலைப் பிடித்துவிட்டார். அவன் பைக்கோடு சாய்ந்தான். நான்கு பேர் சேர்ந்து விடுவித்தார்கள். அவன் திட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து யாரும் கைதட்டவில்லை. பெண்கள் அந்த வாசலைக் கடக்கும்போது சுவரோரமாக ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன்.

அதற்குப் பிறகுதான் ஆயிஷா விழுந்தாள். எதிர் வரிசையில் தோல் பர்ஸ் செய்யும் பட்டறை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரரின் மகள், ஆறு வயது. பள்ளி விட்டு ஓடி வந்தவளின் கணுக்கால் அவர் கைக்குள் போய்விட்டது. முகங்குப்புற விழுந்து தாடை கிழிந்தது. அவளுடைய அப்பா வந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் மயினி குடத்துத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். மூச்சுத் திணறியதும் பிடியை விட்டார். ஆயிஷாவுக்கு ஐந்து தையல்.

மறுநாள் காலையிலேயே அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட இன்னும் நாலைந்து பேர்.

"நான் போலீஸுக்குப் போகமாட்டேன் டீச்சர்" என்றார். "அவரு ஆட்டத்தப் பாக்க நானும் விக்ரோலி வரைக்கும் போனவன்தான். ஆனா எம்புள்ள தெனமும் இந்த வழியாத்தான நடக்கணும்? ஒண்ணு அவரக் கட்டிப் போடணும். இல்ல, எங்கயாவது ஹோமுல சேக்கணும். அந்த அம்மாட்ட நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர்கள் போன பிறகு என் கணவரைப் பார்த்தேன். "நான் சொல்லமாட்டேன்" என்றார். "பதினோரு வருஷம் அவரு பக்கத்துல நின்னவன். நீ வேணும்னா போ."

போனேன். பள்ளி முடிந்து மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கதவு லேசாகச் சாத்தியிருந்தது. "மயினி" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே கால் வைத்தேன். மயினி இல்லை. மருந்து வாங்கப் போயிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கதவுக்குப் பக்கத்தில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். நினைப்பு கால் வரை வந்து சேர்வதற்குள் அவர் பிடித்துவிட்டார்.

எழுபத்து மூன்று வயது மனிதர். உடம்பு வற்றிப்போயிருந்தது. ஆனால் அந்தக் கை வற்றவில்லை. நான் சுவரில் சரிந்து உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, நான் டீச்சர்" என்றேன். "அண்ணாச்சி, விடுங்க. மயினி எங்க?" அவர் காதில் எதுவும் விழவில்லை. காலை இழுத்தேன். இழுத்ததும் மறுகையும் வந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து, தோளை என் முழங்காலில் முட்டுக்கொடுத்து அழுத்தினார். முழங்கால் மடங்கக்கூடாத பக்கமாக மடங்கத் தொடங்கியது.

கத்தினேன். எங்கள் சந்தில் மத்தியான நேரத்தில் தையல் மெஷின்களின் சத்தம்தான் பெரிது. யாரும் வரவில்லை. எனக்கு அந்தக் கல்யாண் பையன் ஞாபகம் வந்தான். முகம் பார்த்திராத பையன். அவனுக்கு முறிந்தது எந்தக் கால் என்று என் கணவரிடம் கேட்டதே இல்லையே என்று அந்த நேரத்தில் போய் யோசித்தேன். பயம் அப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்கிறது. வியர்வை கண்ணில் வழிந்தது. பாவாடை நனைந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய முகம் என் காலோடு ஒட்டியிருந்தது. கோபமே இல்லை அதில். காதைத் தீட்டிக்கொண்டு எதையோ எதிர்பார்ப்பதுபோல இருந்தது. பாட்டு நிற்கும்வரை பிடிக்க வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆனால் நான் பாடவே இல்லையே. பாடாத பாட்டு எப்படி நிற்கும்?

"கபடி" என்றேன். குரல் எழும்பவில்லை. "கபடி, கபடி, கபடி..."

பிடி இறுகியது. ஐயோ, தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. கண்ணில் உயிர் வந்தது. ஆட்டம் நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலுக்குள் ஏதோ நெறிபட்டது. நான் அழுதுகொண்டே, மூச்சு முட்டும்வரை பாடினேன். பிறகு நிறுத்தினேன். வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று என்று எண்ணியிருப்பேன்.

விட்டுவிட்டார். உடனே, சுத்தமாக. என் பாதத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். எழுந்து உட்கார்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நல்ல ரெய்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கால்களைப் பார்த்துவிட்டு, "டீச்சரா? எப்பம் வந்திய? டீ குடிக்கியளா?" என்று கேட்டார்.

மயினி மருந்துச் சீட்டோடு உள்ளே வந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் கணுக்காலைப் பார்த்தாள். என்னைச் சமையல் மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தன் ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். மேல்கை முழுக்கப் பச்சையும் கறுப்புமாகத் தடங்கள். வளையல்களை ஒதுக்கிக் காட்டினாள். அங்கேயும்.

"எத்தனை நாளா மயினி?"

"மூணு வருஷம் இருக்கும்."

"எப்படி விடுவிப்பிய?"

"எங்க விடுவிக்க? அவரா விடுத வரைக்கும் இருப்பேன். ஒருநா காலைல பிடிச்சாரு. பால்காரன் வந்தான், போனான். குழாயில தண்ணி வந்துச்சு, நின்னுச்சு. பன்னெண்டு மணிக்குத்தான் விட்டாரு. நேத்து எப்படித் தண்ணிய ஊத்துனேன்னே தெரியல. அந்தப் பிள்ள மூஞ்சில ரத்தத்தப் பாத்ததும் ஊத்திட்டேன். இல்லன்னா அவரு தலைல நான் தண்ணி ஊத்துவனா?"

நான் வந்த காரியத்தைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "எனக்குப் பாடத் தெரியாதே டீச்சர்" என்றாள். அவருடைய ஒரு ஆட்டத்தைக்கூட அவள் போய்ப் பார்த்ததில்லையாம். யாராவது அவரை உதைப்பதைப் பார்க்கத் தாங்காது என்று. அறுபத்தெட்டு வயதில், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, "கபடி கபடி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்தபடி கீழே உட்கார்ந்தேன்.

ஆயிஷாவின் அப்பாவிடமும் மற்றவர்களிடமும் விஷயத்தைச் சொன்னேன். கேலியாகத்தான் கேட்டார்கள். ஆனால் மறுவாரமே பால்காரன் மாட்டிக்கொண்டு, பாடி, நிறுத்தி, தப்பித்தான். அதற்குப் பிறகு கட்டிப்போடும் பேச்சு அடங்கியது. ஒன்பது மாதம் அப்படி ஓடியது. ஆயிஷாவின் அம்மா அவளைப் பள்ளிக்கு அனுப்புமுன் பாடச்சொல்லி, நிறுத்தச்சொல்லிப் பழக்குவாள். அந்தக் குழந்தை பயப்படாமல் பாடினாள். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மயினி இடது கையைக் கழுத்துத் தூளியில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"பாடுனேன் டீச்சர். நிறுத்துனேன். திரும்பவும் பாடுனேன். அவருக்குக் கேக்கல. தொண்ட வத்துற வரைக்கும் பாடுனேன். அவருக்கு அது என்னன்னே தெரியல."

ஆட்டம் அவரை விட்டுப் போய்விட்டது. பிடி மட்டும் இருந்தது. இனி அவரிடம் சொல்வதற்கு எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த மாதமே நாங்கள் செம்பூரில் ரேவதி வீட்டுக்குக் குடிபோனோம். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இங்கே மழையில் வீடு ஒழுகுகிறது, நான் ஓய்வு பெற்றாயிற்று, எனக்கு முழங்கால் வலி, அங்கே மாடியேற லிஃப்ட் இருக்கிறது. காரணங்கள் நிறைய இருந்தன. எல்லாம் உண்மைதான். மயினி வாசலில் நின்று வழியனுப்பினாள். மாவுக்கட்டுப் போட்ட கையை லேசாக உயர்த்தினாள். அவர் உள்ளே எங்கேயோ இருந்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

என் கணவர் வாரம் ஒருமுறை போய்வந்தார். மயினி அண்ணாச்சியை ஹோமுக்கு அனுப்பவில்லை. கட்டிலின் சட்டத்தில் பழைய சேலையைச் சுருட்டிக் கட்டி அவர் கைக்குக் கொடுத்திருந்தாளாம். நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டிருப்பாராம். சில நாள் அது போதுமாக இருக்கும். சில நாள் போதாது. "வாயேன் ஒருதடவ" என்று என் கணவர் இரண்டு முறை கூப்பிட்டார். பேரனுக்குக் காய்ச்சல் என்றேன். அடுத்த முறை எனக்குக் காய்ச்சல் என்றேன். தாராவியில் பென்ஷன் வேலையாகப் போன நாட்களிலும் மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டேன். செம்பூர் வீட்டு ஹாலில் பேரன் விளையாட்டாக என் காலைக் கட்டிக்கொண்டால்கூட உதறிவிடுவேன். ஒருமுறை உதறியதில் அவன் தலை மேஜையில் இடித்தது. ரேவதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பதினாலு மாதம் கழித்து அண்ணாச்சி போய்விட்டார். சளிக்காய்ச்சல், இரண்டே நாள். செய்தி வந்த காலையில் என் கணவர் சட்டை போடுவதற்குள் நான் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்தேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

சந்து முழுக்க ஆட்கள். பழைய டீம்காரர்கள், மராட்டி மண்டலத்துப் பெரியவர்கள், யாரோ போட்ட மாலையில் ஒரு ரிப்பன். ஆயிஷாவின் அப்பா சாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து ஆண்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்த ஒற்றை அறையில் மயினியும் நானும்தான் மிஞ்சினோம். நான் கதவோரம் நின்றேன். அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். சரியாகச் சேராத இடது மணிக்கட்டு மடியில் கோணலாகக் கிடந்தது.

"ஒருநா கூட எட்டிப் பாக்கலியே டீச்சர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்குக் கேட்கும் தொனியும் இல்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

பேரன், மழை, முழங்கால் எல்லாம் வாய் வரை வந்தன.

"பயமா இருந்துச்சு மயினி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இல்லியா?" என்றாள். "தெனமும் இருந்துச்சு. கதவத் தொறக்கதுக்கு முன்ன ஒரு நிமிஷம் வெளிய நின்னுட்டுத்தான் உள்ள வருவேன். ஒருநாகூட பயமில்லாம உள்ள வந்ததில்ல."

பிறகு, வலது கையை ஊன்றி, பாயில் ஒரு பக்கமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.